நீலகிரிச் சரிவுகளில் அரிவாள் அணு: ஒரு நிகழ்வு ஆய்வு

1952ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். நீலகிரி மலையில் வாழும் சில பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் அணு மரபணு இருக்கிறது என்பது செய்தி. அதுவரை சிவப்பணு வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோயைப் பற்றிப் பேசிய மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவைப் பற்றியும், அங்கிருந்து அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் சந்ததியைப் பற்றியுமே பேசின. இந்தியாவில் அது இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. அதே ஆண்டு மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. இன்று மத்திய இந்தியா முழுக்க, குஜராத்திலிருந்து ஒடிசா வரை, பழங்குடிகளிடையே இந்த மரபணு பரவியிருப்பது தெரியும். அந்த வரைபடத்தின் முதல் புள்ளிகளில் ஒன்று நம் நீலகிரி.

இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. மலைவாழ் மக்களின் இரத்தம் என்றதும் அறிவியல் எழுத்தில் உடனே வருவது திபெத்தும் ஆண்டீஸும்தான். 4,000 மீட்டர் உயரம், ஆக்சிஜன் குறைவு, அதற்கு உடல் கண்டுபிடித்த வழிகள். ஆண்டீஸ் மக்களுக்கு ஹீமோகுளோபின் ஏறுகிறது. திபெத்தியர்களுக்கு அப்படி ஏறுவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் மரபணு வடிவம் அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்திலிருந்து வந்தது என்று 2014இல் காட்டினார்கள். அருமையான கதைதான். ஆனால் நீலகிரி அவ்வளவு உயரமில்லை. தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர். இங்கே இரத்தத்தை மாற்றியது மூச்சுத்திணறல் இல்லை, காய்ச்சல். அந்த மாற்றத்தின் விலையை மனிதர்கள் இன்றும் வலியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் எழுத்து

ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா குளோபினைச் செய்யும் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதத்தின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகத் திரள்கிறது. வட்டமாக, நெகிழ்வாக இருக்க வேண்டிய சிவப்பணு விறைத்து வளைந்துபோகிறது. அரிவாள் என்று நாம் சொல்வது வெட்டரிவாளை இல்லை. நெல் அறுக்கும் கதிரரிவாளை. அந்த வளைவுதான் பெயருக்குக் காரணம்.

வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அப்பால் இருக்கும் திசுவுக்கு இரத்தம் போகாது. அந்த வலி எலும்புக்குள்ளிருந்து வருவது. தைலம் தேய்த்து அடங்காது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும் என்றால் இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால் சோகை, கண்ணில் மஞ்சள். மண்ணீரல் வேலை செய்யாமல் போவதால் சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா போன்ற தொற்றுகள் உயிருக்கே ஆபத்தாகின்றன. வளர்ந்தவர்களுக்கு இடுப்பு மூட்டின் எலும்பு செத்துப்போய் நடை தடுமாறும்.

இதெல்லாம் இரண்டு பெற்றோரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்கு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குப் பொதுவாக எந்தத் தொந்தரவும் இல்லை. அவர் மரபணுவைச் சுமப்பவர், நோயாளி இல்லை. இந்த வேறுபாட்டை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கிராமங்களில் பரிசோதனை நடக்கும்போது மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடம்தான்.

இரத்தம் எடுக்க வந்தவர்கள்

லேமன் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளின் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்து வந்தவர். கட்புஷ் இரத்த வகைகளில் தேர்ந்த ஆஸ்திரேலியர்; 1950இல் டஃபி என்ற இரத்த வகையைக் கண்டறிந்த குழுவில் ஒருவர். (ஒருவகை மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலே அந்த டஃபி மூலக்கூறுதான் என்பது 1970களில் தெரியவந்தது. நீலகிரிக்கு அதோடு நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் மலேரியாவும் இரத்தமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் இது என் மனதுக்கு வருகிறது.)

அவர்கள் தேடியது மருத்துவ விடையை மட்டுமல்ல, இன வரலாற்றையும். தென்னிந்தியாவின் பழங்குடிகளையும் இலங்கை வேடர்களையும் 'வெட்டாயிட்' என்ற ஒரே கூட்டமாக அப்போதைய மானிடவியல் வகைப்படுத்தியிருந்தது. அரிவாள் அணு மரபணு அந்தப் பழைய மக்களிடம் தோன்றி, அரேபியா வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கலாம் என்பது லேமனின் ஊகம். நீலகிரியில் கிடைத்த முடிவு அவருக்கு ஊக்கம் தந்தது. அப்புறம் இலங்கை வேடர்களின் இரத்தத்தையே பார்த்தார்கள். அரிவாள் அணு அங்கே இல்லை. கிடைத்தது ஹீமோகுளோபின் ஈ என்ற வேறொரு வடிவம், தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக இருப்பது. முகத்தையும் தலைமுடியையும் பார்த்துப் போட்ட கூட்டல் கணக்கு இரத்தத்தில் பொருந்தவில்லை.

இதை லேமனைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. ஊகத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு உறுத்துவது வேறு. தங்கள் விரலிலிருந்து எடுத்த துளியில் என்ன இருந்தது என்று அந்த மலைமக்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? சொல்லியிருந்தாலும் அன்று கையில் மருந்து ஏதும் இல்லை. அது உண்மைதான். ஆனால் மருந்து வந்த பிறகும் மிக நீண்ட காலம் இந்த இரத்தம் வரலாற்று ஆவணமாக வாசிக்கப்பட்ட அளவுக்கு நோயாளியின் இரத்தமாகப் பார்க்கப்படவில்லை.

உயரம் ஏற ஏற

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் அளவில் இருக்கிறது. மலைப்பாதையில் ஏறினால் சில மணி நேரத்தில் 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டி. மேற்குப் பக்கம் இறங்கினால் ஆயிரம் மீட்டர் சுமாருக்குக் கூடலூர், அங்கிருந்து வயநாடு. இந்த ஏற்ற இறக்கத்தில் மனிதர்களும் அடுக்கடுக்காக வாழ்ந்தார்கள். மேலே புல்வெளிகளில் எருமைகளோடு தோடர். மேட்டு நிலத்தில் வேளாண்மை செய்த படுகர், கைவினையும் இசையும் அறிந்த கோத்தர். கீழ்ச்சரிவுகளிலும் அடிவாரக் காடுகளிலும் இருளர், குறும்பர். கூடலூர், வயநாட்டுப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர்.

1952ஆம் ஆண்டின் கணக்கில் கீழ்ச்சரிவுகளின் சில குழுக்களில் பத்துக்கு மூன்று பேர் அளவுக்கு அரிவாள் அணு மரபணுவைச் சுமந்தார்கள். படுகர்களிடம் அது வெகுவாகக் குறைவு, தோடர்களிடம் இன்னும் அரிது. 1994இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருளர், குறும்பர், பணியர், முள்ளுக்குறும்பர் ஆகியோரிடம் செய்த ஆய்வும் இந்தச் சரிவுவாசிகளிடம் மரபணு அதிகமாக இருப்பதைக் காட்டியது. ஒரே மலை, ஒரே மழை. ஆனால் ஒரு நாள் நடைதூரத்துக்குள் இரத்தம் வேறாகிறது.

இதற்கான விளக்கம் அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் உருவாகிக்கொண்டிருந்தது. கென்யாவில் வளர்ந்த ஆந்தனி ஆலிசன் 1949இல் அங்கே பல இனக்குழுக்களின் இரத்தத்தைச் சோதித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக் கரையிலும் அரிவாள் அணு மரபணு மிக அதிகம்; குளிர்ந்த மேட்டு நிலங்களில் அநேகமாக இல்லை. மலேரியா எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இந்த மரபணு இருந்தது. 1954இல் அவர் வெளியிட்ட முடிவு இன்று மனிதப் பரிணாமத்தின் பாடநூல் எடுத்துக்காட்டு: ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. பிற்கால ஆய்வுகள் அந்தப் பாதுகாப்பைக் கிட்டத்தட்ட 90 சதவீதம் என்று கணித்தன.

நீலகிரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மலேரியாவின் கொடிய வகையான ஃபால்சிபாரம் கிருமி கொசுவின் வயிற்றில் முதிர வேண்டுமென்றால் சூழல் வெப்பம் ஏறக்குறைய 18 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். ஊட்டியில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான். வெள்ளைக்காரர்கள் ஊட்டியைக் கட்டியதற்கு ஒரு காரணமே சமவெளியின் காய்ச்சல்களிலிருந்து தப்பிப்பது. ஆனால் வயநாடும் கூடலூரும் 'வயநாட்டுக் காய்ச்சல்' என்ற பெயரில் அவர்களை நடுங்கவைத்தன. ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் முட்டையிடும் அனோஃபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு. வெளியிலிருந்து வந்தவர்கள் சுருண்டு விழுந்த அந்தக் காட்டில் பணியர் வயல்களில் நாற்று நட்டார்கள், குறும்பர் தேன் எடுத்தார்கள். இது ஒரு தலைமுறையில் வந்த பலம் இல்லை. காய்ச்சலில் பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பிள்ளை பெற்று, நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக இரத்தம் தன்னைத் தேர்ந்துகொண்ட கணக்கு.

உயரம் ஒன்றே காரணம் என்று இழுத்து மூடிவிடவும் கூடாது. இந்தச் சமூகங்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்தவை. சிறிய குழு, தனித்த குழு. மூதாதையரில் சிலர் தற்செயலாகக் கொண்டுவந்த மரபணு பெருகவும் முடியும், மறையவும் முடியும். தோடர் எங்கிருந்து எப்போது மேலே வந்தார்கள், யாரோடு கலந்தார்கள் என்பதும் அவர்களின் இரத்தத்தில் கலந்திருக்கிறது. மலேரியா முக்கியமான கை. ஆனால் அது மட்டுமே எழுதியதில்லை.

'மிதமானது' என்ற சொல்

1980களில் அரிவாள் அணு மரபணுவைச் சுற்றியுள்ள டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்காவில் பல வடிவங்கள்: பெனின், செனகல், பாண்டு, கேமரூன். இந்தியாவிலும் கிழக்கு சவூதி அரேபியாவிலும் கிடைத்தது வேறு. அதற்கு அரபு-இந்திய வடிவம் என்று பெயர். ஒடிசாவின் பழங்குடியிடமும் நீலகிரியின் பழங்குடியிடமும், இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தும், இதே வடிவம்தான்.

இந்த வடிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தில் இருப்பது கரு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அது வற்றிவிடும். ஆனால் அரபு-இந்திய வடிவம் உள்ளவர்களிடம் வளர்ந்த பிறகும் அது கணிசமாகத் தொடர்கிறது. அரிவாள் ஹீமோகுளோபின் இழையாகத் திரள்வதை அது நடுவில் நின்று தடுக்கிறது. அதனால் 'இந்தியாவில் இந்த நோய் மிதமானது' என்று மருத்துவ உலகில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சு தீங்கு செய்தது என்பது என் கருத்து. சராசரியில் மிதம் என்றால் ஒவ்வொருவருக்கும் மிதம் என்று ஆகாது. அதோடு, நோயின் கடுமையை உடலுக்கு வெளியே இருப்பவையும் தீர்மானிக்கின்றன. வலி நெருக்கடியைத் தூண்டுபவை குளிர், உடலில் நீர் குறைவது, காய்ச்சல், கடும் உழைப்பு. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி காயாது. அந்த மழையில் நனைந்துகொண்டே கூலிக்குத் தேயிலை பறிக்கும் ஒருவரின் உடலுக்கு, தூண்டுகோல் என்று பாடநூல் பட்டியலிடும் அத்தனையும் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஆய்வகத்தில் மிதமாகத் தெரிவது, பாடி என்று சொல்லும் ஆதிவாசிக் குடியிருப்பில் மிதமாக இருப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்கு மூன்று பேர் மரபணுவைச் சுமக்கும் ஒரு குழுவில் 100 தம்பதிகள் என்றால், தற்செயலாகவே சுமார் 9 தம்பதிகளில் இருவருமே சுமப்பவர்களாக இருப்பார்கள். அவர்களின் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோய்க்கு. அப்படியென்றால் அந்தக் குழுவில் பிறக்கும் 100 குழந்தைகளில் இரண்டுக்காவது நோய். சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள சமூகத்துக்கு இது பெரிய எண். அந்தக் குழந்தைகள் பலர் முன்பு எந்தப் பெயரும் இல்லாமல் போயிருப்பார்கள். காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, போய்விட்டது. தாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மலேரியா போன பிறகு

இந்த நிகழ்வில் என்னை அதிகம் வருத்துவது இந்தப் பகுதி. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டிடிடி என்ற கொசுக்கொல்லியைத் தெளித்தார்கள். காய்ச்சல் அடங்கியது, நல்லது. எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. ஆனால் காய்ச்சல் அதுவரை காவலாகவும் இருந்திருக்கிறது. அது விலகியதும் காடு எல்லோருக்கும் வாழத்தக்க இடமாயிற்று. திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து வயநாட்டை நோக்கி ஏற்கெனவே தொடங்கியிருந்த குடியேற்றம் பெருகியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், தலைமுறைகளாக வாழ்ந்த இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களும் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களும் பாதிக்கப்பட்ட ஏழைகளே. அவர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் எல்லோருக்குமான இடம் வந்தது எங்கிருந்து? பட்டா இல்லாமல், எழுத்து இல்லாமல், காட்டை நம்பி வாழ்ந்தவர்களின் நிலத்திலிருந்து.

ஆக ஆதிவாசிகளுக்கு மிஞ்சியது என்ன என்று பாருங்கள். மலேரியாவிலிருந்து காத்த மரபணுவின் நன்மைக்கு இப்போது வேலை குறைந்துபோயிற்று. அதன் தீமை அப்படியே உடம்பில் தங்கிவிட்டது. காய்ச்சல் காத்த நிலமும் போயிற்று.

சிகிச்சை வந்த வழி

நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் 1958இல் கோத்தகிரியில் மருத்துவர் நரசிம்மன் முயற்சியில் தொடங்கப்பட்டது. கூடலூரில் 1986இல் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக 'அக்கார்ட்' அமைப்பு உருவாகி, அதன் தொடர்ச்சியாக 1990இல் 'அஸ்வினி' நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. நிலப் போராட்டத்திலிருந்து மருத்துவமனை பிறந்ததைத் தற்செயலாக நான் பார்க்கவில்லை. அங்கே ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். பணியப் பெண்ணுக்குப் பணிய மொழியிலேயே நோயை விளக்க ஆள் கிடைத்தது. பின்னர் தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டமும் இத்தகைய அமைப்புகளோடு சேர்ந்து பழங்குடிகளிடையே அரிவாள் அணுப் பரிசோதனையை முன்னெடுத்தது.

பரிசோதனை எளிது. ஒரு துளி இரத்தத்தை இரசாயனக் கரைசலில் விட்டால், அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் கரைசல் கலங்கிவிடும். பின்னால் வைத்த கோடு தெரியாது. சுமப்பவரா நோயாளியா என்பதை அது சொல்லாது. அதற்கு ஹீமோகுளோபினை வகை பிரிக்கும் அடுத்த சோதனை வேண்டும். சிகிச்சையிலும் மந்திரம் ஒன்றுமில்லை. ஃபோலிக் அமில மாத்திரை, நிமோனியாத் தடுப்பூசி, குழந்தைகளுக்கு பென்சிலின், நிறையத் தண்ணீர், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. அதோடு ஹைட்ராக்ஸியூரியா. புற்றுநோய்க்காக வந்த இந்த மாத்திரை கரு ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்று தெரிந்து, 1998இல் அமெரிக்காவில் அரிவாள் அணு நோய்க்கு அனுமதி பெற்றது. நம் நாட்டில் விலை குறைவு. ஆனால் இரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் மாத்திரையைவிட முக்கியம், மாதாமாதம் அதே பாடிக்கு நடந்துபோகிற ஒரு மனிதர்.

2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 22 லட்சம் டாலர். அது செய்வது என்ன? நோயாளியின் மூல அணுக்களை எடுத்து, கரு ஹீமோகுளோபினை அணைத்துவைக்கும் விசையை வெட்டிவிடுகிறது. அரபு-இந்திய வடிவம் இயற்கையாகவே ஓரளவுக்குச் செய்துவருவதை இன்னும் பெரிய அளவில் செய்கிறது. இயற்கையில் கரு ஹீமோகுளோபின் உயர்ந்து நின்ற மனிதர்களின் இரத்தத்தைப் படித்துத்தான் இந்த வழியே பிடிபட்டது. அந்த இரத்தத்தைச் சுமக்கும் மலைமக்களுக்கு இந்தச் சிகிச்சை இன்றைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

அதே 2023, ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் அணு சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. பரிசோதித்தவர்களுக்கு மரபணு நிலையைக் காட்டும் வண்ண அட்டை தருகிறார்கள். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் மணத்துக்கு முன் யோசிக்கட்டும் என்பது எண்ணம்.

எண்ணம் சரி. ஆனால் சிறிய சமூகத்தில் அந்த அட்டை வீட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. 'அந்தப் பொண்ணுக்கு இருக்காம்' என்ற பேச்சு அட்டையைவிட வேகமாகப் பாடியைச் சுற்றும். சுமப்பவருக்கு நோய் இல்லை என்பது முழுதாகப் புரியாத இடத்தில், ஆரோக்கியமான பெண்ணுக்கே மணம் தட்டிப்போகும். பத்துக்கு மூன்று பேர் சுமக்கிற சமூகத்தில், சுமப்பவர்களை எல்லாம் ஒதுக்கினால் யாருக்கு யாரைக் கட்டிக்கொடுப்பது? அட்டையைக் கொடுக்கும் நாளைவிட, அதை விளக்க உட்காரும் மாலைப்பொழுதுதான் பெரிய வேலை. ஒரு தடவை சொன்னால் போதாது. மாமனிடம், அத்தையிடம், மூப்பனிடம், பள்ளிப் பிள்ளையிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

கூடலூரில் இந்த நோயைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களின் ஆண்டு மே மாதக் கடைசியில் ஆரம்பிக்கிறது. மழை இறங்குவதற்கு முன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துவிட வேண்டியவை: கம்பளி இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, மாத்திரை தீரப்போகிறதா, வலி வந்தால் இரவில் கூப்பிட ஜீப்காரரின் எண் கையில் இருக்கிறதா.